டிரில் உடைஞ்சா மெஷின் தானா நிக்கணும்: ஃபேனுக் 0ஐ-எம்எஃப்-ல எப்படி செட் பண்றது?

குறிச்சி செட்டர்:

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில செட்டரா இருக்கேன். எங்ககிட்ட மூணு விஎம்சி (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடுற மில்லிங் மெஷின்) இருக்கு. எல்லாமே ஃபேனுக் 0ஐ-எம்எஃப் கன்ட்ரோல், பிடி40 டூல் ஹோல்டர், ஸ்பிண்டில் மோட்டார் 7.5 கிலோவாட். இப்ப ஓடுறது காஸ்ட் அயர்ன் மோட்டார் எண்ட் கவர். ஃபிக்ஸ்சர்ல ஒரு தடவைக்கு நாலு பீஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூஜ்யப் புள்ளி, ஜி54-ல இருந்து ஜி57 வரைக்கும். ஒவ்வொரு பீஸ்லயும் 6206 பேரிங் உக்கார்ற 62 மிமீ போர், அதைச் சுத்தி ஆறு எம்4 டேப் (4 மிமீ மரை). முதல்ல ஸ்பாட் டிரில் (இடம் குறிக்கிற சின்னக் குழி), அப்புறம் 3.3 கார்பைடு டிரில், 14 மிமீ ஆழம், அப்புறம் டேப். சைக்கிள் டைம் 11 நிமிஷம்.

போன வியாழக்கிழமை நைட் ஷிப்ட்ல ரெண்டாவது பீஸ்ல நாலாவது ஓட்டையில 3.3 டிரில் உடைஞ்சிருக்கு. முனை உள்ளயே மாட்டிக்கிச்சு. மிச்ச ஓட்டை எதுவும் விழலை. அடுத்து டேப் வந்து, அந்தக் கார்பைடு துண்டு மேல ஏறி அதுவும் போச்சு. மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. போர் பண்ணி, சேம்பர் அடிச்சு, சைக்கிள் முடிச்சு லைட் போட்டிருக்கு. அதுக்கப்புறம் அஞ்சு சைக்கிள் ஓடியிருக்கு. 20 பீஸ், ஒண்ணுலயும் எம்4 இல்லை.

இதைக் கேட்டதும் எல்லாரும் "ஆபரேட்டர் பார்க்கலையா?"ன்னுதான் கேக்கறாங்க. அந்த 20 பீஸ்ல ஒண்ணை நான் காலையில கையில எடுத்துப் பார்த்தேனுங்க. ஸ்பாட் டிரில் போட்ட கூம்புக் குழி ஆறும் அழகா இருக்கு. அதுக்குள்ள கூலன்ட்டும் காஸ்ட் அயர்ன் துகளும் கலந்த கருப்புச் சேறு நிறைஞ்சிருக்கு. மேல இருந்து பார்த்தா முழு ஓட்டை மாதிரியேதான் தெரியுது. ஊசியை விட்டுக் குத்திப் பார்த்தாத்தான் அடியில இரும்பு தட்டுது. ரெண்டு மெஷினை ஒத்தை ஆளா ஓட்டுற பையன், ராத்திரி மூணு மணிக்கு அதை எப்படிக் கண்டுபிடிப்பான்? அவனுக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடிச்சிட்டாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பலை. பையன் தூங்கலை, பக்கத்து மெஷின்ல பீஸ் மாத்திக்கிட்டு இருந்திருக்கான். தப்பு எங்க செட்டப்புல இருக்கு.

அதனால கேக்கறேன். டூல் உடைஞ்சா மெஷின் அங்கயே அலாரம் போட்டு நிக்கணும். ஸ்பிண்டில் லோடு மீட்டரை வச்சே இதைப் பண்ண முடியுமா? காசு செலவில்லாம முடியும்னா ஓனர் உடனே சரிம்பார். டூல் செட்டர் (மெஷினுக்குள்ளயே டூல் நீளம் அளக்கிற கருவி) வாங்கணும்னா மூணு மெஷினுக்கும் சேர்த்து விலை பெருசா வருது. சுவிட்ச் ஏதாவது நாமளே வச்சுக்கலாமா? மேக்ரோ (வேரியபிள் வச்சு எழுதுற சப் புரோகிராம்) ஓரளவு எழுதுவேன், ஜி31 (சிக்னல் வந்தா நகர்வை நிறுத்துற கோடு) மட்டும் இதுவரைக்கும் தொட்டதில்லை.

ஓசூர் மெயின்டனன்ஸ்:

லோடு மீட்டர் வேலைக்கு ஆகாது தம்பி. ஏன்னு கணக்குப் போட்டே காட்டுறேன், ஓனர்கிட்டயும் இதையே காட்டுங்க.

3.3 டிரில்லை 6000 ஆர்பிஎம்-ல ஓட்டினா கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 62 மீட்டர். ஃபீடு சுத்துக்கு 0.08. காஸ்ட் அயர்னுக்கு வெட்டு விசை ஒரு சதுர மிமீக்கு சுமாரா 1100 நியூட்டன்னு வச்சுக்கலாம். ஃபீடு, ஸ்பீடு, விட்டம், வெட்டு விசை நாலையும் பெருக்கி 2,40,000-ஆல வகுத்தா கிலோவாட் கிடைக்கும். வர்றது 0.075, அதாவது 75 வாட். உங்க ஸ்பிண்டில் 7500 வாட். நூத்துல ஒரு பங்கு! ஸ்பிண்டில் சும்மா சுத்தும்போதே காலையில குளிர்ந்த பேரிங்குக்கும் மதியம் சூடான பேரிங்குக்கும் அதைவிட அதிக வித்தியாசம் வரும். 50 மிமீ ஃபேஸ் மில்லுக்கு, 20 மிமீ டிரில்லுக்கு லோடு மானிட்டர் நல்லா வேலை செய்யும், நானே வச்சிருக்கேன். 3.3-க்கு அது கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்கிற மாதிரி.

மெஷினுக்குள்ள லேசர் வைக்கலாம், டிரில் ரொம்பச் சின்னதா இருந்தா அதுதான் சரி. உங்களுக்கு அது தேவையில்லை. ரெனிஷா, புளூம், மெட்ரோல் இவங்க போடுற தொடு வகை டூல் செட்டர் மைக்ரான் கணக்குல திரும்பத் திரும்ப ஒரே அளவு காட்டும், அதுக்குத்தான் அந்த விலை. நமக்கு நீளம் அளக்கிற வேலையே இல்லை. டிரில் இருக்கா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. 3.3 டிரில்லோட 140 டிகிரி முனைக் கூம்பு மட்டுமே 0.6 மிமீ உயரம். அரை மிமீ வித்தியாசம் தெரிஞ்சா போதும். நல்ல சீல் பண்ண பிளஞ்சர் லிமிட் சுவிட்ச் (தலையை அழுத்தினா சிக்னல் தர்றது), தூசி, தண்ணி புகாத ஐபி67 உள்ளது, தாராளமாப் போதும். பிளஞ்சர் தலையில ஒரு கார்பைடு வில்லையை ஒட்டிக்குங்க, இல்லைன்னா டிரில் முனை குழி போட்டுடும். அழுத்தினதுக்கப்புறமும் குறைஞ்சது 3 மிமீ உள்ள போற மாதிரி சுவிட்சா எடுங்க.

ஒயரை எக்ஸ்4.7 இன்புட்டுக்குக் கொண்டு போங்க, ஜி31-ஐ நிறுத்துற ஸ்கிப் சிக்னல் அங்கதான். 24 வோல்ட் எந்தப் பக்கம் வரணும்னு எலக்ட்ரிக்கல் டிராயிங்கைப் பார்த்து செய்யுங்க, குத்துமதிப்பா வேண்டாம். ஒயர் மாட்டினதும் முதல் வேலை: பிஎம்சி ஸ்டேட்டஸ் பக்கத்துல (சிக்னல் எல்லாம் 0, 1-னு காட்டுற திரை) எக்ஸ்4 வரியைத் திறந்து வச்சுக்கிட்டு, மெஷின் நின்ன நிலையில பிளஞ்சரை விரலால அழுத்துங்க. ஏழாவது பிட் 0-ல இருந்து 1 ஆகணும், விரலை எடுத்தா உடனே 0 ஆகணும். அது மெதுவாத் திரும்புதுன்னா சுவிட்சை மாத்துங்க. சேறு பட்டதும் அது முழுசா ஒட்டிக்கும்.

அம்பத்தூர் மேக்ரோ:

மேலே சொன்னது எல்லாமே சரி. மேக்ரோ பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஜி31 என்பது ஜி01 மாதிரியே ஒரு நகர்வு, நடுவில் ஸ்கிப் சிக்னல் வந்தால் அங்கேயே நின்று அடுத்த வரிக்குப் போய்விடும். நின்ற இடத்தின் இசட் மதிப்பு #5063 என்ற வேரியபிளில் இருக்கும். சிக்னல் வரவே இல்லை என்றால் கொடுத்த கடைசிப் புள்ளி வரை போகும், #5063-லும் அந்தக் கடைசிப் புள்ளிதான் இருக்கும். மொத்த விஷயமும் இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது.

ஜி59 என்ற பூஜ்யப் புள்ளியில் எக்ஸ், ஒய், இசட் எல்லாவற்றையும் பூஜ்யமாக வைத்து இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எக்ஸ்டர்னல் ஆஃப்செட்டும் (ஜி54 முதல் ஜி59 வரை எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கூடுவது) பூஜ்யமாக இருக்க வேண்டும். ஜி49 போட்டு நீள ஆஃப்செட்டை எடுத்துவிட்டால் நிரலில் எழுதுகிற இசட்டும் மெஷின் இசட்டும் ஒன்றுதான், குழப்பம் வராது. ஜி40 (கட்டர் காம்பன்சேஷன் நீக்கம்), ஜி80 (டிரில் சைக்கிள் நீக்கம்) இரண்டையும் முதல் வரியிலேயே போடுங்கள்; கட்டர் காம்பன்சேஷன் உயிரோடு இருந்தால் ஜி31 அலாரம் அடிக்கும்.

டூல் தொட வேண்டிய உயரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் ஹெச் ஆஃப்செட்டை (டூல் நீள ஆஃப்செட்) ஜாப் முகத்தில் தொட்டு எடுக்கிறவர் என்று நினைக்கிறேன். உதாரணமாக டிரில் டி7-க்கு (ஏழாம் நம்பர் டூல்) ஹெச் −312.40. அதே டிரில்லை மெதுவாகச் சுவிட்சில் தொடவைத்தால் மெஷின் இசட் −398.60 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் −86.20. இது எல்லா டூலுக்கும் ஒன்றுதான். இதை #500-ல் போட்டுவிடுங்கள். டேப்பின் ஹெச் −305.15 என்றால் அது −391.35-ல் தொட வேண்டும், கணக்கு தானாக வந்துவிடும். டிரில் மாற்றி புது ஹெச் போட்டாலும் மேக்ரோவைத் தொட வேண்டாம், டி7-இன் ஹெச் இருக்கும் #11007-ஐயும் அதன் தேய்மான (வேர்) மதிப்பு #10007-ஐயும் கூட்டி எடுத்துக்கொள்ளும். ஜாப் மாறி வேறு உயரத்தில் ஹெச் எடுத்தால் மட்டும் #500-ஐப் புதிதாக எடுக்க வேண்டும். இதை மெஷின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். மறந்தால் நல்ல டிரில்லுக்கு எல்லாம் அலாரம் வரும்.

நகர்வு வரிசை இப்படி: எம்05 (ஸ்பிண்டில் நிறுத்தம்), எம்09 (கூலன்ட் நிறுத்தம்), ஜி53-ல் (மெஷின் அளவில்) இசட் மேலே, ஜி53-ல் எக்ஸ் ஒய் சுவிட்சுக்கு மேலே, ஏர் அடித்து ஒரு செகண்ட் நிறுத்தம். அப்புறம் தொட வேண்டிய உயரத்துக்கு 10 மிமீ மேல் வரை வேகமாக இறங்க வேண்டும். இங்கேதான் பலர் ஜி00 (முழு வேக நகர்வு) போடுவார்கள், போடாதீர்கள். தவறான டூல் மாட்டியிருந்தாலோ, ஹெச் தப்பாக இருந்தாலோ சுவிட்ச் நொறுங்கும். இந்த இறக்கத்தையும் ஜி31-லேயே எஃப்3000-ல் (நிமிடத்துக்கு 3000 மிமீ) செய்யுங்கள். நடுவில் சிக்னல் வந்துவிட்டால் #5063 அந்த 10 மிமீ புள்ளிக்கு மேலே இருக்கும், உடனே அலாரம். அதன் பிறகு எஃப்600-ல், தொட வேண்டிய உயரத்தைத் தாண்டி 1 மிமீ கீழே வரை இன்னொரு ஜி31. எஃப்600 என்றால் ஒரு மில்லி செகண்டுக்கு 0.01 மிமீ. சிக்னல் பத்து மில்லி செகண்ட் தாமதித்தாலும் 0.1-தான் தவறும், நமக்கு அது போதும்.

இரண்டு பக்கமும் சரிபாருங்கள். அரை மிமீக்கு மேல் கீழே போயிருந்தால் டிரில் உடைந்திருக்கிறது. அரை மிமீக்கு மேல் முன்னதாகவே தொட்டிருந்தால் கோலெட்டிலிருந்து (டிரில்லைப் பிடித்திருக்கும் பிடி) டிரில் இறங்கியிருக்கலாம், முனையில் சிப் ஒட்டியிருக்கலாம், சுவிட்சே அழுந்தி மாட்டியிருக்கலாம். ஸ்கிப் சிக்னலை மெஷின் நிலையாகத்தான் பார்க்கிறது: ஜி31 தொடங்கும்போதே சிக்னல் 1-ல் இருந்தால் நகராமலே அடுத்த வரிக்குப் போய்விடும். மேல் எல்லையைப் பார்க்காத மேக்ரோவில் அது 'டிரில் நல்லா இருக்கு' என்று ஆகிவிடும். ஒயர் அறுந்தாலும் இதே கதைதான்: நார்மலி ஓப்பன் சுவிட்ச் என்றால் 'உடைந்தது' என்று அலாரம், நார்மலி குளோஸ்டு என்றால் 'முன்னதாகத் தொட்டது' என்று அலாரம். எந்தப் பழுது வந்தாலும் மெஷின் நிற்கும்.

அலாரத்துக்கு முன் இசட்டை மேலே தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஆபரேட்டர் டூலைக் கழற்றச் சிரமப்படுவார். அலாரத்துக்கு #3000-ஐப் பயன்படுத்துங்கள். #3000=7 என்றால் திரையில் 3007 வரும், ரீசெட் போடாமல் நகராது. #3006 வெறும் செய்தி நிறுத்தம். தூக்கக் கலக்கத்தில் சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தினால் பாட்டுக்கு ஓடிவிடும்.

இன்னொன்று, இதில் நானே ஒரு நாள் முழுக்கச் சிக்கியிருக்கிறேன். டூல் நம்பருக்கு #4120-ஐ (நிரலில் கடைசியாக அழைத்த டூல் நம்பர்) நம்பாதீர்கள். உங்கள் மெஷினில் அடுத்த டூலை முன்கூட்டியே அழைத்து வைக்கும் ஆர்ம் டைப் ஏடிசி (தானாக டூல் மாற்றும் கருவி) இருந்தால் #4120-ல் இருப்பது அடுத்து வரப்போகிற டூல். டிரில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு டேப்பின் ஹெச்சோடு ஒப்பிடும். மேக்ரோவை அழைக்கும்போது ஜி65 பி9011 டி7 என்று நம்பரைக் கையால் கொடுத்து, மேக்ரோவுக்குள் #20-ல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கூப்பிடுவது என்றால், 24 ஓட்டையும் முடிந்ததும், டேப் வருவதற்கு முன் ஒரு தடவை. டேப் முடிந்ததும் டேப்புக்கு ஒரு தடவை.

ஓசூர் மெயின்டனன்ஸ்:

கடைசியில சொன்னதுல மட்டும் எனக்கு வேற கருத்து. 24-க்கு ஒரு தடவைன்னா, பத்தாவது ஓட்டையில உடைஞ்ச மொட்டை டிரில் கொஞ்சம் நீளமா மிஞ்சியிருந்தா மிச்சம் 14 குழியிலயும் போய் இடிக்கும். ஸ்பாட் டிரில் குழி நசுங்கும், கார்பைடு பொடி உள்ள பதியும். அப்புறம் புது டிரில்லை அதே குழியில விட்டா அதுவும் உடையும். ஒவ்வொரு பீஸும் முடிஞ்சதும் பாருங்க. நேரம் போகும்தான், ஆனா மூணாவது, நாலாவது பீஸ் கை படாம இருக்கும். ஃபிக்ஸ்சர்ல இருந்து கழட்டாமலே புது டிரில் போட்டுத் தொடரலாம், போருக்கும் ஓட்டைக்கும் உள்ள பொசிஷன் மாறாது.

டூல் ரூம் பெரியவர்:

கண்டுபிடிக்கிறதைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க. ஏன் உடையுதுன்னு யாருமே கேக்கலையே தம்பி. இதுக்கு முன்னாடி உடைஞ்சதெல்லாம் எத்தனாவது ஓட்டையில? ஒரே இடத்துல திரும்பத் திரும்ப உடைஞ்சா அது டிரில் குத்தமில்லை, வார்ப்புக் குத்தம். மெல்லிசான ஓரம் அச்சுல சீக்கிரம் ஆறினா அங்க வெள்ளை இரும்பா இறுகிடும், அரம் வச்சா வழுக்கும். டிரில்லை மாட்டினதுக்கப்புறம் டயல் வச்சு ரன் அவுட் பாருங்க. 3.3 கார்பைடுக்கு 0.02-க்கு மேல ஆடினா கோலெட்டைத் தூக்கிப் போடுங்க.

குறிச்சி செட்டர்:

அண்ணா, எல்லாருக்கும் நன்றி. பெரியவர் கேட்டதும் பழைய ரிஜெக்ஷன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ரெண்டு மாசத்துல நாலு தடவை உடைஞ்சிருக்கு, அதுல மூணு தடவை நாலாவது ஓட்டை. அந்த ஓட்டை கவரோட மெல்லிசான ரிப் ஓரத்துல வருது. ஒரு பீஸை எடுத்து அந்த இடத்துல அரம் போட்டேன், சொன்ன மாதிரியே வழுக்குது. பக்கத்து ஓட்டைகிட்ட அரம் கடிக்குது. ஃபவுண்டரிக்கு பீஸைக் கொடுத்து விட்டிருக்கேன். சுவிட்ச் வேலையும் ஆரம்பிச்சாச்சு, ஓடினதும் எழுதுறேன்.

குறிச்சி செட்டர்: (மூணு வாரம் கழிச்சு)

மெஷின் ஒண்ணுல ஓடுதுங்க. டேபிளோட இடது பின் மூலையில, ஃபிக்ஸ்சர் கைபடாத இடத்துல சுவிட்சை வச்சோம். சுத்தி ஒரு தகரக் கூண்டு, மேல பிளஞ்சர் தலை மட்டும் தெரியற மாதிரி ஓட்டை. முதல் ரெண்டு நாள் சேறுதான் பெரிய தொல்லை. கூண்டு ஓட்டைக்கும் பிளஞ்சருக்கும் நடுவுல கருப்பு மாவு மாதிரி போய் அடைஞ்சு, அழுந்தின பிளஞ்சர் பாதியில நின்னுடுச்சு. அம்பத்தூர் அண்ணன் சொன்ன மேல் எல்லை இருந்ததால 'முன்னதாகத் தொட்டது' அலாரம் வந்து நின்னுச்சு, இல்லைன்னா தெரிஞ்சே இருக்காது. ஓட்டையைப் பெருசாக்கி, ரப்பர் பெல்லோஸ் ஒண்ணு மாட்டினதுக்கப்புறம் வரலை. ஷிப்ட் மாறும்போது துணியால ஒரு தடவை துடைக்கச் சொல்லியிருக்கேன்.

ஓட விடறதுக்கு முன்னாடி மூணு சோதனை பண்ணோம். உடைஞ்ச டிரில்லை ஹோல்டர்ல மாட்டி, முழு டிரில்லோட ஹெச் போட்டு ஓட்டினோம்: 3007 வந்துச்சு. ஒயரைக் கழட்டிட்டு ஓட்டினோம்: அதுக்கும் 3007. பிளஞ்சர் மேல ஒரு இரும்புக் கட்டையை வச்சுட்டு ஓட்டினோம்: ஸ்பிண்டில் இறங்கவே இல்லை, 3008 காட்டிச்சு. 3008-ன்னா 'முன்னதாகத் தொட்டது'ன்னு நான் வச்சுக்கிட்டேன். உடைஞ்ச டிரில் ஹோல்டரை மெஷின் பக்கத்துலயே வச்சிருக்கோம், திங்கக்கிழமை காலையில அதைப் போட்டு ஒரு தடவை பார்த்துட்டுத்தான் ஜாப் ஆரம்பிக்கிறோம்.

ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரி ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு தடவை டிரில்லைப் பார்க்குது, டேப்பை மட்டும் கடைசியில ஒரு தடவை. ஸ்பிண்டில் நின்னு, போய்த் தொட்டு, திரும்பிச் சுத்த ஒரு தடவைக்கு அஞ்சரை செகண்ட் ஆகுது. 11 நிமிஷ சைக்கிள் 11 நிமிஷம் 27 செகண்ட் ஆச்சு. ஓனர் முதல்ல முகம் சுளிச்சார். அந்த 20 பீஸையும் திரும்ப ஏத்தி, போர்ல டயல் வச்சு சென்டர் பிடிச்சு, ஒவ்வொண்ணா ஓட்டை போட எனக்கு ஒண்ணரை ஷிப்ட் ஆனதைச் சொன்னேன். அதுக்கப்புறம் பேசலை.

நானா ஒண்ணு சேர்த்தேன். #511-ல இருந்து #514 வரைக்கும் நாலு பீஸுக்கு நாலு வேரியபிள். 1 போட்டா அந்த பீஸை டிரில்லும் டேப்பும் தாண்டிப் போயிடும். துண்டு மாட்டின பீஸ்ல திரும்ப எதுவும் இறங்கக் கூடாதுங்கறதுக்காக. சைக்கிள் முடிஞ்சதும் புரோகிராமே நாலையும் 0 ஆக்கிடும், ஆபரேட்டர் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டே முக்காலுக்கு எனக்கு போன் வந்துச்சு. அதே பையன். "அண்ணா, சிவப்பு லைட் எரியுது, 3007 காட்டுது, ரெண்டாவது பீஸ்ல நிக்குது"ன்னான். எந்த ஓட்டைன்னேன். டார்ச் அடிச்சு, ஊசி விட்டுப் பார்த்துட்டு "நாலாவது"ன்னான். #512-ல 1 போட்டு, டிரில் மாத்தி, ஹெச் எடுத்து, டிரில்லோட ஆரம்பத்துல இருந்து ஓட்டச் சொன்னேன். முதல் பீஸ்ல ஏற்கனவே போட்ட ஓட்டையில சும்மா போய்ட்டு வந்துச்சு, மூணும் நாலும் சுத்தமா முடிஞ்சது. போனது ஒரு பீஸ், ஒரு டிரில். டேப் உடையலை. அவன் போனை வைக்கவே இல்லை, சைக்கிள் முடியற வரைக்கும் லைன்லயே இருந்தான்.

காலையில அந்த ஒரு பீஸை எடுத்துக்கிட்டு நேரா ஓனர் ரூமுக்குப் போனேன். பிடிச்ச ஒரு நாள் சம்பளத்தை இந்த மாசம் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிட்டாருங்க.

அடுத்த வாரம் ரெண்டாவது மெஷினுக்கு ஒயர் இழுக்கறோம். அதுல எக்ஸ்4.7-ல ஏற்கனவே ஏதோ ஒரு ஒயர் மாட்டியிருக்கு, எதுக்குன்னு மெஷின்ல தெரியலை. எலக்ட்ரிக்கல் டிராயிங் கையில வந்ததும் போட்டோவோட இங்கயே கேக்கறேன், ஓசூர் அண்ணா ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க.